தந்தி வந்த நாளா, விமானம் போன நாளா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தாத்தாவின் அண்ணன் 1944-இல் பர்மாவில் குண்டு வீசப் போன விமானத்தோடு காணாமல் போனார். தந்தி வந்த நாளில்தான் இன்றுவரை திதி கொடுக்கிறோம். இறந்த தேதி, கல்லறை பற்றி எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் அந்தத் தந்தி எது என்று பாருங்கள். விமானம் திரும்பாவிட்டால் 'காணவில்லை' என்றுதான் முதலில் சொல்வார்கள், ஆள் பிடிபட்ட தகவலும் இல்லை என்றால் பொதுவாக ஆறு மாதம் கழித்துத்தான் 'இறந்ததாகக் கருதப்படுகிறார்' என்று வரும். உங்களிடம் இருப்பது இரண்டாவது என்றால் திதி மாதக்கணக்கில் தள்ளிப்போயிருக்கும்.

சரி, தேதிக்கு காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். பெயரை மட்டும் நம்பாதீர்கள், நம் பெயர்களை அன்றைய குமாஸ்தாக்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள், இனிஷியல் எது பெயர் எது என்றுகூடப் பார்க்கவில்லை. படை எண் தெரிந்தால் அதுவே போதும். இல்லையா, 'கூடுதல் தகவல்' கட்டத்தில் ஆங்கிலத்தில் கடலூர் என்றோ தென்னாற்காடு என்றோ போடுங்கள். 'இன்னாரின் மகன், இன்ன ஊர்' என்று பலருக்கு ஒரு வரி இருக்கும்.

உடல் கிடைக்காத விமானப்படையினர் என்றால் பெயர் சிங்கப்பூர் கிராஞ்சி நினைவுச் சின்னத்தில் இருக்கும், 24,000 பேருக்கு மேல் அங்கே பொறித்திருக்கிறார்கள். யாங்கூன் பக்கம் தாவ்க்யானில் இருக்கும் தூண்களில் தேடி அலையாதீர்கள், அவை தரைப்படையினருக்கானவை. (பாகூர், வில்லியனூர் பக்கம் பிறந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர் என்றால் இதில் எதிலும் இருக்க மாட்டார், பிரெஞ்சுப் பாதுகாப்பு அமைச்சகத்தின் 'மெம்வார் தேஸ் ஓம்' (Mémoire des hommes) தளத்தில் தேட வேண்டும்.)

இன்னொரு சிக்கல் இருக்கிறது. வெலிங்டன், லிபரேட்டர் மாதிரி விமானங்கள் வங்காளத்திலிருந்து இரவில் கிளம்பி நள்ளிரவு தாண்டிக் குண்டு வீசின, அதனால் பதிவில் உள்ள தேதி ஒரு நாள் முன்பின் ஆகலாம். அவர் இருந்த ஸ்குவாட்ரனின் (விமானப்படைப் பிரிவின்) அன்றாடப் பதிவேட்டில் கிளம்பிய நேரம் இருக்கும். லண்டனில் கியூ (Kew) என்ற இடத்தில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் 'ஏர் 27' என்ற வரிசையில் கேளுங்கள்.

அப்புறம், இத்தனை வருஷம் கொடுத்தது வீணோ என்று நினைக்கவே வேண்டாம். இறந்த நாள் தெரியாதபோது செய்தி கேட்ட நாளில் கொடுப்பதும் வழக்கம்தான். ஆயுதத்தால் இறந்தவர்களுக்கு என்றே மகாளய பட்சத்தில் சதுர்த்தசி இருக்கிறது, அன்றும் கொடுங்கள். தேதி கிடைத்ததும் உங்கள் ஐயரிடம் அந்த வருஷத்துப் பஞ்சாங்கப்படி மாதம், பட்சம், திதி மூன்றையும் எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.