உழைப்புக்கு வரி உண்டு, வாரிசுச் சொத்துக்கு இல்லை

கேள்வி: வசதி படைத்தவர்களிடம் இன்னும் அதிக வரி வாங்க வேண்டும் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். உழைத்து முன்னேறியவரைத் தண்டிப்பது நியாயமா? அவர்கள் பணத்தை எடுத்துக்கொண்டு வேறு நாட்டுக்குப் போய்விட்டால் நட்டம் யாருக்கு? நானும் என் மனைவியும் முப்பது ஆண்டுகள் பாடுபட்டுக் கடனை அடைத்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு, நாளைக்கு எங்கள் பிள்ளைகள் வரி கட்ட வேண்டுமா?
- வாசகர், ஈசூன்

பதில்: உங்கள் உண்மையான கவலை கடைசிக் கேள்வியில் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

உழைத்தவரைத் தண்டிக்கக் கூடாது என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இன்று சிங்கப்பூரில் நடப்பதைப் பாருங்கள். ஓர் அறுவை சிகிச்சை மருத்துவரின் வரிக்குரிய ஆண்டு வருமானம் ஒரு மில்லியன் வெள்ளி என்றால், அவர் கட்ட வேண்டிய வருமான வரி 199,150 வெள்ளி. அதற்கு மேல் ஈட்டும் ஒவ்வொரு வெள்ளியிலும் 24 காசு வரியாகப் போகிறது. அதே ஆண்டில், தந்தை விட்டுச்சென்ற பத்து மில்லியன் வெள்ளி மதிப்புள்ள பங்குகள் ஒருவர் கைக்கு வந்தால், அதற்காக அவர் ஒரு காசும் கட்ட வேண்டியதில்லை. பங்கு வாங்கி விற்பதையே தொழிலாகக் கொள்ளாதவரை, அவற்றைப் பின்னர் நல்ல இலாபத்துக்கு விற்றாலும் அந்த இலாபத்துக்கும் வரி கிடையாது. உழைப்பின் பக்கம் நின்று பேசும் நீங்கள், இந்த இருவரில் யாருக்காகப் பரிந்து பேசுகிறீர்கள் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

இந்த நிலை இயற்கையாக வந்ததன்று. 2008 பிப்ரவரி 15 வரை நம் நாட்டில், இறந்தவர் விட்டுச்செல்லும் சொத்துக்கான மரணச் சொத்து வரி இருந்தது. ஹாங்காங் 2006இல் அதை ஒழித்தது. செல்வத்தை ஈர்க்கும் போட்டியில் பின்தங்கக் கூடாது என்று, அப்போதைய நிதியமைச்சர் திரு. தர்மன் சண்முகரத்னம் வாசித்த வரவு செலவுத் திட்டத்தில் நாமும் அதை ஒழித்தோம். பெருஞ்செல்வர்கள் முன்கூட்டியே திட்டமிட்டுத் தப்பித்துக்கொள்ள, நடுத்தர, மேல்நடுத்தர வருமானத்தினரே அந்த வரியில் அதிகம் சிக்கினார்கள் என்பதும் அப்போது சொல்லப்பட்ட காரணம். அதில் உண்மை இருந்தது. ஆனால் ஓட்டையுள்ள வலையைச் சரிசெய்வதற்குப் பதிலாக, வலையையே எறிந்துவிட்டோம் என்பதுதான் என் வருத்தம். செல்வம் வந்தது என்பதையும் நான் மறுக்கவில்லை. பெருஞ்செல்வக் குடும்பங்கள் தங்கள் பணத்தை நிர்வகிக்க அமைக்கும் குடும்பச் சொத்து நிர்வாக அலுவலகங்கள், 2020 இறுதியில் சுமார் 400ஆக இருந்தவை, 2024 இறுதியில் 2,000ஐக் கடந்துவிட்டன.

இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். சென்ற வாரம் தோ பாயோவில் ஒரு பேரங்காடியில் எனக்கு முன்னால் ஒரு மூதாட்டி நின்றார். பொருள் வாங்க அரசாங்கம் கைத்தொலைபேசியில் அனுப்பியிருந்த பற்றுச்சீட்டைத் திறக்கத் தெரியாமல் தடுமாற, காசாளர் பெண் வாங்கித் திறந்து கொடுத்தார். அரிசி, பால்மாவு, இரண்டு கட்டுக் கீரை எல்லாம் சேர்த்து 21 வெள்ளி 80 காசு. அதில் 1 வெள்ளி 80 காசு பொருள், சேவை வரி. 2022இல் 7 விழுக்காடாக இருந்த அந்த வரி, 2024இல் 9 விழுக்காடானது. அந்த மூதாட்டியைப் போன்றவர்களுக்கு அரசாங்கம் பற்றுச்சீட்டாகவும் ரொக்கமாகவும் திருப்பித் தருகிறது. பலருக்கு, கட்டிய வரியைவிட அதிகமாகவே கிடைக்கிறது. இதை மறைத்து வாதாட எனக்கு விருப்பமில்லை. என் கேள்வி வேறு. 2030இல் நம் குடிமக்களில் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார்; அவர்களின் மருத்துவச் செலவுக்குப் பணம் வேண்டும் என்றுதான் இந்த வரி உயர்ந்தது. அந்தப் பொறுப்பைக் கீரை வாங்குபவரிடமும் கேட்கிற நாம், பத்து மில்லியனை வாரிசாகப் பெறுபவரிடம் ஏன் கேட்பதில்லை?

வசதியானவர்கள் ஏற்கெனவே கட்டுகிறார்கள் என்பீர்கள். கட்டுகிறார்கள். வாடகைக்கு விடும் வீடுகளின் சொத்து வரி, ஆண்டு மதிப்பின் (ஓராண்டு வாடகையாகக் கிடைக்கக்கூடிய தொகையின்) மேல் பகுதிக்கு 36 விழுக்காடு வரை போகிறது. ஆடம்பரக் கார்களின் கூடுதல் பதிவுக் கட்டணம், மதிப்பின் உச்சப் பகுதிக்கு 320 விழுக்காடு. இவை சரியானவை, நான் வரவேற்றவை. வீடு நகராது, காரைப் பதியாமல் ஓட்ட முடியாது என்பதால் இவற்றை எளிதாக வசூலிக்க முடிகிறது. பங்குகளும் வங்கி இருப்பும் அப்படியல்ல. எனவே ஆண்டுதோறும் மொத்தச் சொத்துக்கும் வரி போட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அதில் நீங்கள் சொல்லும் ஓட்டம் நிகழக்கூடும். தலைமுறைக்கு ஒருமுறை, சொத்து கைமாறும்போது மட்டும் வரும் வரியையே கேட்கிறேன். ஜப்பானில் அதன் உச்ச விகிதம் 55 விழுக்காடு, தென்கொரியாவில் 50. நமக்கு அவ்வளவு வேண்டாம். அவற்றைப் போன்ற பெரிய நாடல்ல நம்முடையது. சிலர் கிளம்பிப் போகலாம். ஆனால் அவர்களை இங்கே கொண்டுவந்தது வரிச் சலுகை மட்டுமன்று; நம்பகமான நீதிமன்றமும், கலவரமில்லாத தெருவும், பிள்ளைகளுக்கு நல்ல பள்ளியும் சேர்ந்துதான். அவற்றுக்கும் செலவு இருக்கிறது.

இனி உங்கள் வீட்டுக்கு வருவோம். ஒழிக்கப்பட்ட பழைய சட்டத்திலேயே, குடியிருப்பு வீடுகளுக்கு 9 மில்லியன் வெள்ளி வரை விலக்கு இருந்தது. வரி விழுந்த மற்ற சொத்துகளிலும் முதல் 12 மில்லியனுக்கு 5 விழுக்காடு, அதற்கு மேல் 10 விழுக்காடுதான். புதிய சட்டம் அதே விலக்குடன் வந்தால்கூட, ஈசூன் வீட்டுக்காக உங்கள் பிள்ளைகள் ஒரு வெள்ளியும் கட்ட வேண்டி வராது.