புராடக்ட் கீ தொலைந்த பழைய லேப்டாப்: ஃபார்மட் செய்வதற்கு முன்

கேள்வி: 2011-ல் வாங்கிய, விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தோடு வந்த லேப்டாப் என்னிடம் இருக்கிறது. ஹார்டு டிஸ்க் அடிக்கடி திணறுவதால் அதற்குப் பதில் எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) பொருத்தி, விண்டோஸை மறுபடி நிறுவ நினைக்கிறேன். அடியில் இருந்த, புராடக்ட் கீ (விண்டோஸ் அசலென்று காட்டும் 25 எழுத்துக் குறியீடு) அச்சிட்ட ஸ்டிக்கர் தேய்ந்துவிட்டது, டிவிடியும் இல்லை. புதிதாக லைசென்ஸ் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டியதில்லை. ஆனால் பழைய டிஸ்க்கை ஃபார்மட் மட்டும் செய்துவிடாதீர்கள். உங்களுக்குத் தேவையானதெல்லாம் இன்னும் அதில்தான் இருக்கிறது.

பெரிய நிறுவனங்கள் விண்டோஸ் 7 லேப்டாப்களைத் தயாரித்தபோது, ஒவ்வொன்றுக்கும் தனி கீயைத் தட்டிக்கொண்டிருக்கவில்லை. ஒரே பொதுக் கீயை எல்லாவற்றிலும் போட்டு, மதர்போர்டின் பயாஸில் (கணினியைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருளில்) ஓர் அடையாளத்தைப் பதித்துவிட்டார்கள். விண்டோஸ் அந்த அடையாளத்தைப் பார்த்துத்தான் தன்னை அசலென்று ஏற்கிறது. ஸ்டிக்கரில் இருப்பது வேறு கீ. அதை ஒருவேளை நீங்கள் ஒருமுறைகூடப் பயன்படுத்தியிருக்க மாட்டீர்கள். இதனால்தான் புரொடியூகீ போன்ற கீ தேடும் மென்பொருள் காட்டும் எண்ணை எழுதிவைத்து, புதிதாக நிறுவிய விண்டோஸில் கொடுப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். அது அந்தப் பொதுக் கீ. அதை வைத்து இணையம் வழியாக ஆக்டிவேட் செய்ய, அதாவது விண்டோஸை அசலென்று பதிவுசெய்ய, முடியாது. தனியாகக் கடையில் வாங்கி நிறுவிய விண்டோஸ் என்றால் மட்டுமே அந்த மென்பொருள் உங்களுக்கான கீயைக் காட்டும்.

ஆகவே எளிய வழி, புதிதாக நிறுவாமல் பழைய டிஸ்க்கை அப்படியே எஸ்எஸ்டிக்கு குளோன் செய்வது, அதாவது விண்டோஸ் உட்பட முழு டிஸ்க்கையும் நகலெடுப்பது. மதர்போர்டு மாறவில்லை என்பதால் ஆக்டிவேஷனும் கூடவே வந்துவிடும், கீயே கேட்காது. டிஸ்க் திணறுகிறது என்கிறீர்கள், அதனால் முதலில் புகைப்படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். குளோன் செய்வது டிஸ்க்கை இடைவிடாமல் படிக்கவைக்கும் வேலை. பழுதான டிஸ்க் பாதியிலேயே நின்றுவிடக்கூடும்.

குளோன் முடியாமல் போனால், ரிக்கவரி பார்ட்டிஷன் (பழைய டிஸ்க்கில் தயாரிப்பாளர் ஒதுக்கிவைத்த மீட்புப் பகுதி) அழியாமல் இருக்கிறதா பாருங்கள். தொழிற்சாலையில் வந்த நிலைக்கே கொண்டுபோகும் வழி அது. அதுவும் கீ கேட்காது.

கடைசியாகத்தான் ஸ்டிக்கர். பேட்டரியைக் கழற்றி அதன் அடியிலும் தேடுங்கள். சில மாடல்களில் அங்கே ஒட்டியிருப்பார்கள், அது அவ்வளவாகத் தேய்வதில்லை. தேய்ந்த ஸ்டிக்கர் மீது பக்கவாட்டில் டார்ச் அடித்து, போனில் படமெடுத்துப் பெரிதாக்குங்கள். 25 எழுத்துகளில் ஓ, ஐ, எஸ் ஆகிய ஆங்கில எழுத்துகளோ 0, 1, 5 ஆகிய எண்களோ வரவே வராது. வட்டமாகத் தெரிவது பூஜ்யமாக இருக்க வாய்ப்பில்லை. க்யூ (Q), டி (D), ஜி (G) என்று போட்டுப் பாருங்கள். 8-க்கும் பி-க்கும் (B) இடையிலான குழப்பத்தைத்தான் தீர்க்க முடியாது, இரண்டையும் முயல வேண்டும்.

இதே கேள்வியை விண்டோஸ் 8 அல்லது அதற்குப் பின் வந்த லேப்டாப் வைத்திருப்பவர் கேட்டால் பதில் ஒரு வரிதான்: கீ மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது, அதே பதிப்பை நிறுவினால் தானே எடுத்துக்கொள்ளும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்று. விண்டோஸ் 7-க்கான பாதுகாப்பு அப்டேட்கள் 2020 ஜனவரி 14 அன்றே நின்றுவிட்டன. பழைய மென்பொருள் ஒன்றை இணையமில்லாமல் இயக்குவதற்கு அது போதும். வங்கிக் கணக்கைத் திறப்பதற்கு வேண்டாம் என்று உறுதியாகவே சொல்வேன். விண்டோஸ் 7 கீயால் விண்டோஸ் 10-ஐ ஆக்டிவேட் செய்யும் வசதியையும் 2023 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். இந்த லேப்டாப்பில் எப்போதாவது விண்டோஸ் 10 ஆக்டிவேட் ஆகியிருந்தால், நிறுவும்போது 'கீ இல்லை' என்பதைத் தேர்ந்தெடுத்து அதே பதிப்பை நிறுவுங்கள். மைக்ரோசாஃப்ட் சர்வர் வன்பொருளை அடையாளம் கண்டுகொள்ளும். ஆனால் விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவும் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் உங்கள் லேப்டாப்பில் இருக்காது.

லைசென்ஸ் இல்லாமலே ஆக்டிவேட் செய்யும் கிராக் மென்பொருளைத் தொடாதீர்கள். ஆக்டிவேட் செய்கிறேன் என்று அட்மின் அனுமதி கேட்கும் அந்தக் கோப்புக்குள் வேறென்ன இருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

இணையத்துக்கே இந்த லேப்டாப் வேண்டுமென்றால் என் பரிந்துரை, விண்டோஸுக்குப் பதிலாக நிறுவக்கூடிய இயங்குதளமான லினக்ஸ் மின்ட். இலவசம், கீ என்ற பேச்சே இல்லை. 4 ஜிபி ராம் இருந்தால் நன்றாக ஓடும். நிறுவாமலேயே பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போதே வைஃபை, ஒலி, பிரிண்டர் மூன்றும் வேலை செய்கின்றனவா என்று சோதித்துவிடுங்கள்.