சம்பளம் சரி, நாள்தான் நிறையவில்லை என்று கேட்டவருக்கு

வெளிநாடு வந்து எட்டு மாதம், வேலையும் வீடும் அமைந்துவிட்டன, ஆனாலும் நேரம் போகும் விதத்தில் நிறைவில்லை, திரும்பிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த முடிவைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். 2013இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட் அங்கே உள்ளவர்களிடம் 0 முதல் 10 வரை மதிப்பெண் கேட்டபோது, ஒட்டுமொத்த வாழ்க்கைக்குச் சராசரி 7.1, நேரத்தைச் செலவிடும் விதத்துக்கு 6.7. பெரும்பாலும் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களின் கணக்கு அது!

முதலில் நாளை எழுதிப் பாருங்கள். ஒரு வேலைநாள், ஒரு விடுமுறை நாள் போதும். பத்து நிமிடத்துக்கு ஒரு கட்டம், ஆக நாளுக்கு 144. ஒவ்வொன்றிலும் என்ன செய்தீர்கள், கூடவே வேறென்ன நடந்தது, பக்கத்தில் யார், அந்த நேரம் எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதற்கு 0 முதல் 10 வரை மதிப்பெண் எத்தனை. இரவில் உட்கார்ந்து மொத்தமாக எழுதினால் கைப்பேசியில் போன துண்டு நேரமெல்லாம் நினைவிலிருந்து நழுவிவிடும். மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை எழுதுங்கள்.

பலருக்கும் ஓட்டை விழுவது ஊருக்குப் பேசும் நேரத்தில். நீங்கள் வேலை முடித்து வரும்போது அங்கே தூங்கிவிட்டிருப்பார்கள். அதனால் விடுமுறைக் காலை முழுக்க அழைப்புகளுக்கே போகும். பேசுவதைவிட, யாராவது கூப்பிடுவார்கள் என்று வெளியே கிளம்பாமல் காத்திருப்பதுதான் அதிகம் தின்னும். வாரத்தில் இரண்டு வேளையை வீட்டில் சொல்லி வைத்துவிடுங்கள். முதல் இரண்டு வாரம் கோபித்துக்கொள்வார்கள், பிறகு அவர்களுக்கும் அதுவே வசதி. துணி துவைப்பதையும் கடைக்குப் போவதையும் வேலைநாள் மாலைக்குத் தள்ளுங்கள்.

அடுத்து 'பக்கத்தில் யார்' என்று எழுதிய இடம். 2004இல் உளவியலாளர் டேனியல் கானமன் குழு அமெரிக்காவின் டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களின் முந்தைய நாளைக் கேட்டு எழுதியபோது, மற்றவர்களோடு பழகிய நேரம் மகிழ்ச்சியில் மேலே நின்றது. வேலையும் பயணமும் அடியில் கிடந்தன. உங்கள் விடுமுறை நாளில் அந்த இடம் காலியாக இருந்தால், ஓய்வு எத்தனை மணி கூடினாலும் மதிப்பெண் ஏறாது. வாரம் ஒருமுறை, அதே நேரம், அதே ஆட்கள் என்று இரண்டு மணி நேரத்தைக் கட்டிப்போடுங்கள்: மொழி வகுப்போ, பந்தாட்டமோ, எதுவானாலும் சரி. முதல் நாலைந்து வாரம் முகம் பழகவே போய்விடும். அதற்குள் ஒத்துவரவில்லை என்று நின்றுவிடாதீர்கள்.

இரண்டு மாதம் கழித்து அதே இரண்டு நாளை மறுபடி எழுதுங்கள். அப்போதும் தாழ்ந்த எண்கள் வேலைநேரத்துக்கு நேராகவே நின்றால், மாற்ற வேண்டியது ஷிஃப்டை அல்லது வேலையை. ஊருக்குத் திரும்புவது அதற்குப் பிறகு யோசிக்க வேண்டியது.