சிற்பம் வைத்தால் நல்லிணக்கமா?

கேள்வி: மகனைப் பார்க்க வான்கூவர் போயிருந்தேன். விமான நிலையத்தில் திரும்பிய பக்கமெல்லாம் பூர்வகுடிச் சிற்பங்கள். "பூர்வகுடி மக்களோடு நல்லிணக்க முயற்சி அம்மா" என்றான் மகன். சிற்பம் வைத்தால் நல்லிணக்கம் வந்துவிடுமா? ஒரு விமான நிலையத்தால் வேறென்ன செய்ய முடியும்?
- ஒரு வாசகி, டொரண்டோ

பதில்: சிற்பம் மட்டும் போதாது அம்மா. ஆனாலும் அதை அலங்காரம் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. பன்னாட்டு வருகைக் கூடத்தில் ஒரு பெரிய மர வட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். சூசன் பாயிண்ட் என்ற சிற்பி செங்கேதுரு மரத்தில் செதுக்கியது, குறுக்களவு ஏறக்குறைய 16 அடி. கழுகுகளும், கைகளை உயர்த்தி வரவேற்கும் மனிதர்களும் அதில் சுற்றி வருவார்கள். கம்பளி நூற்கும் தக்களியின் வட்டுதான் அது. கையில் அடங்கும் கருவியைச் சுவரளவுக்கு வளர்த்திருக்கிறார். அவர் மஸ்குவியம் என்ற பூர்வகுடி இனத்தவர். நிலையம் இருக்கும் சீ தீவு அவர்களுடைய மண். அதே நிலையத்தில் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் பில் ரீடின் பச்சைப் படகுச் சிற்பம் மகத்தான படைப்புதான், கனடாவின் 20 டாலர் நோட்டிலும் ஏறியது. ஆனால் அது வடக்கே வாழும் ஹைடா என்ற வேறொரு பூர்வகுடி மக்களின் மரபு. மண்ணுக்குரியவர்களின் வரவேற்பு முதலில் வரவேண்டும் என்பேன்.

சிற்பத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது 2017 ஜூன் 21 அன்று நிலையமும் மஸ்குவியம் மக்களும் கையெழுத்திட்ட 30 ஆண்டு ஒப்பந்தம். வேலை, தொழிற்பயிற்சி, கல்வி உதவித்தொகை, ஆண்டு வருவாயில் 1 சதவீதம், கூடவே தொல்பொருள் பாதுகாப்பு.

அந்தக் கடைசி அம்சம் ஏன் முக்கியம்? நகரத்திலிருந்து நிலையத்துக்கு வரும் ஆர்தர் லாயிங் பாலத்தின் வடமுனையில் மஸ்குவியம் மக்களின் பல ஆயிரம் ஆண்டுப் பழைய ஊர் ஒன்று மண்ணுக்குள் இருக்கிறது. 1933லேயே தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அப்படியிருந்தும் 2012ல் அடுக்குமாடி கட்டத் தோண்டினார்கள். முன்னோரின் எலும்புகள் வெளிப்பட்டன. மக்கள் மாதக்கணக்கில் அங்கேயே காவலிருந்து வேலையை நிறுத்தினார்கள், பிறகு அந்த மனையைத் தாங்களே விலைகொடுத்து வாங்கினார்கள். தங்கள் முன்னோர் உறங்கும் நிலத்தைக் காசு கொடுத்து மீட்க வேண்டிய நிலை! இந்தக் கொடுமை ஓடுபாதைக்கோ வடிகாலுக்கோ தோண்டும்போது நடக்கக்கூடாது. வரைபடம் விரிக்கும் முதல் நாளே அவர்கள் மேசையில் இருக்க வேண்டும். "இங்கே தோண்டாதே" என்று அவர்கள் சொன்னால் எந்திரம் நிற்க வேண்டும். பாதுகாப்புச் சோதனையிலும் இதே மரியாதை வேண்டும்: ஒரு பூர்வகுடி மூதாட்டி புனிதமாகக் கொண்டுவரும் கழுகு இறகையோ மூலிகைப் பொதியையோ அவரே பிரித்துக் காட்டட்டும்.

கேள்வி: 1 சதவீதம் அற்பத் தொகை இல்லையா?
- இன்னொரு வாசகர், மார்க்கம்

பதில்: லாபத்தில் அல்ல, வருவாயில் என்பதைக் கவனியுங்கள். வான்கூவர் நிலையம் லாப நோக்கற்ற அமைப்பு. லாபத்தில் பங்கு என்றால் கையில் ஒன்றும் வராது. வருவாயில் பங்கு என்பதால் பயணிகள் கூடக்கூடத் தொகையும் கூடும். ஆனாலும் உங்கள் ஆதங்கம் நியாயமானது. அந்த நிலத்துக்கான வாடகை இன்றும் ஒட்டாவாவிலுள்ள மத்திய அரசுக்குத்தான் போகிறது. மஸ்குவியம் மக்கள் அந்த மண்ணை யாருக்கும் எழுதிக்கொடுத்ததில்லை. அடுத்த பேச்சு அந்த வாடகையைப் பற்றியதாக இருக்க வேண்டும்.