மனசாட்சியின் விலை ஒரு ஃபார்த்திங்

கேள்வி: சிங்கப்பூரில் இருக்கும் மகள் லீவுக்கு வந்தபோது ‘ஃபேர் டிரேட்’ முத்திரை போட்ட சாக்லெட் வாங்கி வந்தாள். மற்ற சாக்லெட்டைவிட இரண்டு மடங்கு விலை. “மனசாட்சியோடு சாப்பிடுங்கப்பா” என்கிறாள். ஒரு முத்திரைக்காக இவ்வளவு காசு கொடுக்கத்தான் வேண்டுமா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சாக்லெட் விஷயத்தில் மனசாட்சியின் விலையை பர்மிங்காம் நீதிமன்றம் 1909-லேயே முடிவு செய்துவிட்டது. ஒரு ஃபார்த்திங். பென்னியில் கால்வாசி.

1901-ல் சாக்லெட் கம்பெனிக் குடும்பத்து வில்லியம் கேட்பரியின் கண்ணில் ஒரு விற்பனைப் பட்டியல் பட்டது. ஆப்பிரிக்கக் கரைக்கு அப்பால், போர்த்துகீசியர் வசமிருந்த சாவோ தோமே தீவில் ஒரு கோகோ தோட்டம் விலைக்கு வருகிறது. சொத்து விவரத்தில் ஒரு வரி: கறுப்பினத் தொழிலாளர் 200 பேர், மதிப்பு 3,555 பவுண்ட். அடிமைமுறையைக் காகிதத்தில் ஒழித்து அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. இவர்கள் அங்கோலாவிலிருந்து வந்த ‘ஒப்பந்தத் தொழிலாளர்கள்’. போனவர் திரும்பியதாகப் பேச்சே இல்லை.

கேட்பரி குடும்பத்தார் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர், பக்திமான்கள், தொழிலாளிக்குத் தோட்டம் வைத்த வீடு கட்டிக் கொடுத்தவர்கள். சும்மா இருப்பார்களா? விசாரித்தார்கள், ஆள் அனுப்பினார்கள், அறிக்கை வாங்கினார்கள், அரசாங்கத்துக்கு எழுதினார்கள். எட்டு வருடம் ஓடியது. அத்தனை நாளும் அந்தத் தீவின் கோகோவையும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். 1908-ல் லண்டன் ‘ஸ்டாண்டர்ட்’ பத்திரிகை இதைக் குத்திக்காட்டித் தலையங்கம் எழுத, மானநஷ்ட வழக்குப் போட்டார்கள். கொள்முதலை நிறுத்தியது 1909 மார்ச்சில், வழக்கு விசாரணைக்கு வரும் முன்பு. பத்திரிகையின் வக்கீல் எட்வர்ட் கார்சன் கூண்டில் நின்ற வில்லியமிடம், ‘அந்த எட்டு வருடத்தில் எத்தனை அடிமைகள் செத்தார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா?’ என்ற பொருளில் கேட்டார். பதில், இல்லை. ஜூரிகள் கேட்பரிக்கே தீர்ப்புச் சொன்னார்கள். நஷ்ட ஈடு மட்டும் ஒரு ஃபார்த்திங். இந்தக் கதையை எங்கள் பத்திரிகை வக்கீலிடம் நான் அடிக்கடி சொல்வதுண்டு. ‘கோர்ட் செலவு முழுவதையும் பத்திரிகைதானே சார் கட்டியது’ என்று அவர் ஒவ்வொரு தடவையும் ஞாபகப்படுத்துவார்.

ஆகவே உங்கள் மனசாட்சியை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். எனக்கு நம்பிக்கை மனசாட்சியில் இல்லை, தராசில்தான். பழைய பேப்பர் கடைத் தராசு பற்றி இந்தப் பக்கத்தில் எழுதி ஒரு கடைக்காரரின் பகையைச் சம்பாதித்தவன் நான். விற்காமல் திரும்பி வந்த இதழ்கள் எங்கள் அலுவலகத்தில் ஒரு கனம் இருக்கும், அவர் கொக்கியில் தொங்கியதும் இளைத்துவிடும். எங்கள் இதழில் கனமான விஷயம் இல்லை என்பதற்கு இதுவே சாட்சி என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வருகிறார். போகட்டும்.

கானாவில் கோகோ விவசாயியின் கதையும் இதேதான். கத்தியால் காயை வெட்டி, வெள்ளைச் சதையோடு கொட்டைகளை வழித்தெடுத்து, வாழை இலையில் குவித்து மூடி, ஆறு நாள் புளிக்கவிட்டு, அப்புறம் பாயில் பரப்பித் துழாவித் துழாவிக் காயவைத்துக் கொண்டுபோவார். கிலோ விலையை அரசு வாரியமே நிர்ணயிக்கிறது. விலையில் கை வைக்க முடியாத ஏஜெண்ட் எடையில் கை வைப்பான். 1993-ல் குவாபா கோகூ என்ற கூட்டுறவுச் சங்கம் கிளம்பியபோது செய்த முதல் காரியம், எடை போடும் ஆளை விவசாயிகளே தேர்ந்தெடுத்ததுதான். 1998-ல் டிவைன் என்ற சாக்லெட் கம்பெனியிலும் பங்குதாரர் ஆனார்கள். ஒரு கட்டத்தில் 45 சதவிகிதம் அவர்கள் கையில் இருந்தது. 2020-ல் ஒரு ஜெர்மன் நிறுவனம் பெரும்பங்கை வாங்க, அது 20 ஆயிற்று.

முத்திரை என்ன செய்கிறது என்கிறீர்களா? விலை விழும்போது, இதற்குக் கீழே வாங்கக் கூடாது என்று ஒரு தரை போடுகிறது. 2019 அக்டோபரில் வைத்த கணக்கு டன்னுக்கு 2,400 டாலர். அதற்கு மேல் 240 டாலர் சங்கத்துக்கு, உறுப்பினர்கள் கூடிப் பேசிச் செலவழிக்க. 2024-ல் சந்தை விலை 10,000 டாலரைத் தாண்டியபோது இந்தத் தரைக்கு வேலை இல்லை. ஆனால் அந்த விலை கானா விவசாயிக்கும் வந்து சேரவில்லை. அறுவடைக்கு முன்பே பெரும்பகுதியை வாரியம் பழைய விலைக்கு விற்றுவிட்டிருந்தது.

உங்கள் மகள் சொல்லியிருக்க மாட்டாள், முத்திரைக்குப் பக்கத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறி இருந்தால் உறையைத் திருப்பிப் பாருங்கள். கம்பெனி வாங்கிய ஃபேர் டிரேட் கோகோவின் அளவும் விற்றதன் அளவும் ஏட்டில் சரியாக இருந்தால் போதும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும். உங்கள் வாயில் கரைவது வேறு யாரோ விளைவித்ததாக இருக்கலாம். இதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. விவசாயிக்குப் பணம் போய்ச் சேருகிறது, அது போதும். குழந்தை உழைப்பே இல்லை என்று நினைத்துக்கொண்டால்தான் தப்பு. அந்த உத்தரவாதத்தை எந்த முத்திரையாலும் தர முடியாது. 2001-ல் அமெரிக்காவில் சாக்லெட் உறையில் ‘அடிமை உழைப்பு இல்லை’ என்று அச்சிடுவதைச் சட்டமாக்கப் பார்த்தார்கள். கம்பெனிகள் கூடி அதை வெறும் வாக்குறுதியாக மாற்றின. கெடு 2005. அப்புறம் 2008, 2010, 2020 என்று வாய்தா மேல் வாய்தா. 2020-ல் வந்த சிகாகோ பல்கலைக்கழக ஆய்வு, ஐவரி கோஸ்ட், கானா இரண்டிலுமாக 15.6 லட்சம் குழந்தைகள் கோகோ வேலையில் இருப்பதாகச் சொன்னது.

சரி, இரண்டு மடங்கு விலை. கொடைக்கானல் போய் ‘ஹோம் மேட்’ என்று கிலோ கணக்கில் அள்ளி வரும்போது யாராவது விலை கேட்கிறோமா? பெரும்பாலான கடைகளில் அது மொத்தக் கடையில் வாங்கிய காம்பவுண்ட் கட்டியை உருக்கி முந்திரி தூவியது. கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு. எந்த ‘ஹோம்’ என்று கேட்டு நான் ஏற்கெனவே நிறையத் திட்டு வாங்கிவிட்டேன்.

கொடுங்கள், சார். கூடுதல் காசில் விவசாயிக்குப் போவது கொஞ்சம்தான், ஆனாலும் கொடுங்கள். சிங்கப்பூர் வழி தூரம் என்றால், மங்களூர்ப் பக்கம் போகிறவர்களிடம் கேம்ப்கோ சாக்லெட் வாங்கி வரச் சொல்லுங்கள். பாக்கு விவசாயிகள் 1973-ல் ஆரம்பித்த கூட்டுறவு அது. கோகோவை வாங்க ஆளில்லாமல் விலை சரிந்தபோது தாங்களே கொள்முதலில் இறங்கி, 1986-ல் புத்தூரில் தொழிற்சாலையும் கட்டினார்கள். அங்கே விவசாயிகளே முதலாளி. இனிப்பு மட்டும் எனக்குக் கொஞ்சம் தூக்கல்.