ஸ்டார்ம்லைட் ஐந்தாம் நூலைப் பாதிப்பேர் திட்டுகிறார்களே, வாங்கலாமா?

கேள்வி கேட்டவர் பிராண்டன் சாண்டர்சன் ஆங்கிலத்தில் எழுதும் மாயக்கதைத் தொடரான ஸ்டார்ம்லைட் ஆர்க்கைவில் நான்கு நூல் படித்தவர். ஐந்தாவதான 'விண்ட் அண்ட் ட்ரூத்'தை ஒருவர் தலையில் வைத்து ஆடுகிறார், அடுத்தவர் "சவத்தைத் தூக்கித் தூரப் போடு" என்கிறார், காசு போட்டு வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். குமரி மாவட்டம் தக்கலைப் பக்கத்து ஆள் என்பதைத் தவிர வேறு விவரம் இல்லை. மீதியை ஊகித்துக்கொள்கிறேன். நான்காவது நூல் 2020 நவம்பரில் வந்தது, ஊரடங்குக் காலத்தில் படித்திருப்பீர்கள். ஐந்தாவது வந்தது 2024 டிசம்பர் 6. இடையில் நான்கு வருஷம். யார் யாருக்கு என்ன உறவு, எந்தக் கத்தி யார் கையில் என்பதெல்லாம் பாதி மறந்திருக்கும்.

வாங்குங்கள். ஆனால் இணையத்தில் வாசகர்கள் போட்ட நட்சத்திரத்தை எண்ணி வாங்க வேண்டாம், எண்ணி விடவும் வேண்டாம். ஒரு நெடுந்தொடரின் ஐந்தாம் நூலுக்கு வரும் கருத்தில் பாதிக்கு மேல் அந்தக் கருத்தை எழுதியவரின் ஞாபகசக்தியையும் அவசரத்தையும் காட்டுவது. கணக்குப் போட்டுப் பாருங்கள். இந்த நூல் ஏறக்குறைய 4.9 லட்சம் சொல். நிமிஷத்துக்கு 200 சொல் படிப்பவருக்கு நாற்பது மணிநேரம் பிடிக்கும். ஒலிநூலாகக் கேட்டால் அறுபது மணிநேரத்துக்கு மேல். டிசம்பர் 10-ம் தேதி முழு விமரிசனம் போட்டவர் இடையில் உறங்கினாரா என்பதே சந்தேகம். அப்படிப் படிப்பவருக்கு எந்த நூலும் நீளமாகத்தான் தெரியும். எனவே முதல் இரண்டு வாரத்துக் கருத்துகளை, புகழ்ச்சியானாலும் வசையானாலும், ஒதுக்கிவிட்டு 2025 மார்ச்சுக்குப் பிறகு எழுதியவற்றை மட்டும் படியுங்கள். சூடு ஆறியபின் எழுதியவர்கள் எந்தப் பகுதி பிடிக்கவில்லை என்று இடம் சுட்டிச் சொல்கிறார்கள். வெறுமனே "இழுவை" என்று எழுதியதை வைத்து நமக்கு ஒரு பயனும் இல்லை.

எந்தப் பகுதி என்பதுதான் இந்த நூலில் முக்கியம். நான்காவது நூல் முடிந்த கையோடு ஐந்தாவது தொடங்குகிறது. மனிதர் தரப்புத் தலைவர் டாலினரும் எதிரித் தெய்வம் ஓடியமும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி போட்டிக்குப் பத்து நாள்தான் இருக்கிறது, அந்தப் பத்து நாளையும் நாளுக்கு ஒரு பகுதியாக நூல் சொல்கிறது. முடிவு எதையும் இங்கே சொல்லவில்லை, பயப்படாமல் படியுங்கள். கதை ஒரே சமயம் ஐந்து இடத்தில் ஓடுகிறது. கலாடினும் ஸெத்தும் ஷினோவாரில் நடக்கிறார்கள். அடோலின் அசிமிர் நகர முற்றுகையில் நிற்கிறான். சிக்ஸில் ஷாட்டர்ட் ப்ளெயின்ஸில். ஜாஸ்னா தய்லென் நகரில். டாலினர், நவானி, ஷலான் முதலியோர் ஸ்பிரிச்சுவல் ரெல்ம் என்னும் ஆவி உலகுக்குள். நாள் கணக்கில் சொல்வதால் சாண்டர்சன் இந்த ஐந்துக்கும் இடையே மாறி மாறித் தாவுகிறார். விளைவு, காட்சி சூடு பிடிக்கும்போது வெட்டி வேறு ஊருக்குப் போகிறது. மூன்றாம், நான்காம் நாள் வாக்கில் பலர் களைத்துப்போனது இதனால்தான், கதை நகரவில்லை என்பதால் அல்ல.

வாசகர்கள் சொல்லும் குறைகளில் நியாயமானது எது, அல்லாதது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். நடை பற்றிய குறை நியாயமானது. முதல் நூலில் இருந்த மொழிக்கும் இதற்கும் தூரம் அதிகம். பாத்திரங்கள் இன்றைய அமெரிக்க அலுவலகத்து ஆட்கள்போலப் பேசும் இடங்கள் உண்டு, 'தெரபிஸ்ட்' என்ற சொல்லே வருகிறது. சிலருக்கு அது சிரிப்பு, பலருக்குக் கல்லில் கால் இடறியதுபோல. ஸ்பிரிச்சுவல் ரெல்ம் பகுதி நீளம் என்பதும் உண்மை. பழைய வரலாற்றைக் காட்சி காட்சியாகத் திறந்து காட்டுவதில் ஆசிரியருக்கு இருக்கும் ஆசை எல்லா வாசகருக்கும் இருக்காது. ஜாஸ்னாவின் வாதப் பகுதி அவளுடைய அறிவுக்கு ஏற்றதாக எழுதப்படவில்லை என்பவர்களோடு எனக்கும் உடன்பாடு. அதே சமயம், நூலைத் திட்டுபவர்கள்கூட அடோலினின் முற்றுகையைக் குறை சொல்ல மாட்டார்கள். அது கொள்ளாம். போர்க்காட்சி எழுதத் தெரிந்தவர் கை தெரிகிறது.

"எல்லாருக்கும் மனநோய், எப்போது பார்த்தாலும் அழுகை" என்ற குறையை நான் ஏற்க மாட்டேன். கலாடினின் மனச்சோர்வு 2010-ல் வந்த முதல் நூலிலேயே இருக்கிறது, அவன் அடிமையாகப் பாலம் தூக்கும் அத்தியாயங்கள் முழுக்க அதுதான். நான்கு நூலில் அதைப் பொறுத்துக்கொண்டவர் ஐந்தாவதில் திடீரென்று கோபப்படுவது நூலின் குற்றமில்லை. "முடிவே இல்லாமல் முடிகிறது" என்பதும் அப்படியே. இந்தத் தொடர் மொத்தம் பத்து நூல், ஐந்தைந்தாக இரண்டு அடுக்கு என்று முதலிலிருந்தே அறிவித்திருக்கிறார்கள். இது முதல் அடுக்கின் முடிவு. சில கதவு மூடும், சில திறந்தே கிடக்கும். தன் வேறு கதைகளான மிஸ்ட்பார்னின் அடுத்த வரிசையையும் எலான்ட்ரிஸ் தொடர்ச்சியையும் எழுதியபின்தான் ஆறாவது என்று ஆசிரியரே சொல்லியிருக்கிறார். ஆகவே நீண்ட காத்திருப்பு நிச்சயம். அது தாங்காதென்றால் இப்போதே வாங்காமல் இருப்பதிலும் தப்பில்லை.

காத்திருப்பு வாசகர் தீர்ப்பை எப்படித் திருப்புகிறது என்பதற்கு ராபர்ட் ஜோர்டனின் 'வீல் ஆஃப் டைம்' நல்ல சாட்சி. அதன் பத்தாம் நூல் 2003-ல் வந்தது. ஒன்பதாவது நூலின் கடைசியில் நடந்த பெரிய சம்பவம் நடக்கும்போது மற்றவர்கள் எங்கே என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பதிலேயே பெரும்பகுதி போகிறது. இரண்டு வருஷத்துக்கு மேல் காத்திருந்து வாங்கியவர்கள் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். இப்போது பதினான்கு நூலையும் வரிசையாகப் படிப்பவர்கள் அதை ஒரு மந்தமான பகுதியாகக் கடந்து போகிறார்கள், அவ்வளவுதான். எழுத்து அதேதான், ஒரு வரி மாறவில்லை. ஜோர்டன் 2007-ல் இறந்தபின் அந்தத் தொடரின் கடைசி மூன்று நூலை 2009, 2010, 2013-ல் முடித்துக் கொடுத்தவரும் இதே சாண்டர்சன்தான். இழுத்தால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியாததல்ல.

இனி, எப்படித் தயாராவது. நான்கு நூலையும் மறுபடி படிக்கச் சொல்பவர்கள் சம்பளம் வாங்காதவர்களாக இருக்க வேண்டும். அது பதினாறு பதினேழு லட்சம் சொல். அதற்குப் பதிலாக இதைச் செய்யுங்கள். ஐந்து நூலின் முன்னுரை அத்தியாயமும் ஒரே இரவைப் பற்றியவை, மன்னர் காவிலார் கொலையான இரவு. முதலில் கொலை செய்த ஸெத் கண்ணால், பிறகு ஜாஸ்னா, எஷோனாய், நவானி, ஐந்தாவதில் காவிலாரே. முதல் நான்கையும் எடுத்து ஒரே மூச்சில் வரிசையாகப் படித்துவிட்டு ஐந்தாவதற்குப் போங்கள். அதிகம் போனால் ஒரு நாள் மாலை. நான்கும் தனித்தனியாக மறைத்தது என்ன என்று அப்போதுதான் பிடிபடும். அடுத்து, நான்காவது நூலின் ஐந்தாம் பகுதியை மட்டும் மறுபடி படியுங்கள். ஒப்பந்தத்தின் நிபந்தனைகளையும் அதன்பின் ஓடியம் தரப்பில் நடந்ததையும் மறந்துவிட்டு ஐந்தாவதைத் திறந்தால் முதல் நாளே புரியாது. மூன்றாவதாக, முதல் இரண்டு நூலில் ஸெத் வரும் இடைச்செருகல் அத்தியாயங்கள். இந்த நூலின் பின்கதை அவனுடையது. கலாடின், ஷலான், டாலினர், வென்லியும் எஷோனாயும் என்று ஒவ்வொரு நூலும் ஒருவர் பழங்கதையைச் சொல்லி வந்து, கடைசி முறை இவனுக்கு. கல்லைப் புனிதமாக நினைக்கும் அவன் ஊர் வழக்கம் நினைவில் இல்லையென்றால் ஷினோவார் பகுதி முழுக்க வழிநடைப் பயணமாகவே தோன்றும்.

இதற்குள் இதே தொடரின் 'எட்ஜ்டான்சர்', 'டான்ஷார்ட்' என்ற இரண்டு சிறுநூலையும் படித்திருக்கிறீர்களா? முதலாவது இரண்டாம் மூன்றாம் நூலுக்கு நடுவில், அடுத்தது மூன்றாம் நான்காம் நூலுக்கு நடுவில். இவை இல்லாமல் சமாளிக்கலாம். ஆனால் இதே ஆசிரியரின் தனி நாவல் 'வார்பிரேக்கர்' படிக்காதவருக்கு ஸெத் கையிலிருக்கும் பேசும் வாள் ஏன் அப்படிப் பேசுகிறது என்பது கடைசிவரை விளங்காது. அதை ஆசிரியர் தன் இணையதளத்தில் இலவசமாகவே போட்டிருக்கிறார், காசு கொடுக்க வேண்டியதில்லை.

படிக்கும்போது நாளொன்றுக்கு இத்தனை பக்கம் என்று வைக்காமல், நூலின் ஒரு நாளை எங்கேயும் பாதியில் விடாமல் முடிக்கப் பாருங்கள். ஐந்து இழையில் ஒன்றை நடுவில் விட்டுவிட்டு மூன்று நாள் கழித்துத் திறந்தால்தான் குழப்பம் வருகிறது. மார்த்தாண்டம் நாகர்கோவில் பஸ்ஸில் அரைமணி அரைமணியாகப் படிப்பவருக்கு இந்த நூல் ஆகாது. பஸ்ஸில் படிக்க எளிய நூல் ஆயிரம் இருக்கிறது, இதை ஞாயிற்றுக்கிழமைக்கு வையுங்கள். அத்தியாயத் தலைப்பின் மேலே உள்ள சின்னத்தைப் பார்க்கப் பழகுங்கள், யார் பார்வையில் கதை என்பதை அது முதலிலேயே சொல்லிவிடும். தலைப்பின் கீழ் சாய்வெழுத்தில் வரும் மேற்கோள்களைத் தாண்டிப் போகாதீர்கள். கதையின் முடிச்சுகளில் சிலவற்றை அங்கேதான் அவிழ்க்கிறார்.

"புயல், பாறை, செடி கொடி வருணனை அதிகம்" என்று சொல்பவர்கள் வெளியூர்க்காரர்களாக இருக்கும். கதை நடக்கும் உலகமான ரோஷாரில் பெரும்புயல் கிழக்கிலிருந்து வரும், பிற்பாடு இன்னொன்று மேற்கிலிருந்தும் வரும். வீட்டைக் காற்று வரும் பக்கத்துக்கு முதுகு காட்டிக் கட்டுவார்கள், புல்கூட மண்ணுக்குள் இழுத்துக்கொள்ளும். இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்துக்காரருக்கு, அதிலும் 2017 நவம்பர் 30-ல் ஒக்கிப் புயலைப் பார்த்தவருக்கு, இதெல்லாம் விரயமாகத் தெரியாது.

வாங்குவதில் ஒரு கண்ணி இருக்கிறது. இந்தியாவில் கிடைக்கும் பிரிட்டிஷ் பேப்பர்பேக் பதிப்பில் முந்தைய நூல்களை இரண்டிரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். அட்டையில் 'பார்ட் ஒன்' என்று சின்ன எழுத்தில் இருக்கும். விலை குறைவென்று அதை மட்டும் வாங்கிவிட்டு "கதை நடுவில் நின்றுபோச்சு" என்று ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களும் அந்தக் கருத்துப் பட்டியலில் இருக்கிறார்கள்! விடுபட்ட நூலை வாங்கும்போது பக்க எண்ணிக்கையைப் பாருங்கள். முழு நூல் என்றால் ஆயிரத்தை ஒட்டியோ தாண்டியோ இருக்க வேண்டும், ஐந்நூறு அறுநூறு என்றால் பாதிதான். மின்நூல் மலிவு, கையும் வலிக்காது. ஆனால் வரைபடமும் ஷலானின் ஓவியங்களும் சிறிய திரையில் பொடிப்பொடியாகத் தெரியும், அவற்றைப் போனில் பெரிதாக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடையில் பார்த்து வாங்கலாமே என்பீர்கள். எங்கே? 2011 கணக்கெடுப்பில் குமரி மாவட்டத்தின் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதல் மாவட்டம் என்று மேடைதோறும் சொல்வோம். நாகர்கோவில் மணிமேடை சுற்றிலும் போய்ப் பாருங்கள், போட்டித் தேர்வுக் கையேடும் நீட் வினாத்தொகுப்பும் கூரைவரை அடுக்கியிருக்கும். தொடர் நாவல் கேட்டால் மூன்றாவது இருக்கும், ஒன்றாவது இருக்காது. "ஆர்டர் போட்டால் வரும்" என்பார்கள். நூலகங்களிலும் இதே கதைதான், இரண்டாம் பாகம் மட்டும் யாரோ எடுத்துப் போயிருப்பார்கள். சரி, இது வேறு புலம்பல்.

இதற்குக் கீழே பின்னூட்டத்தில் இரண்டு வகை ஆட்கள் வருவார்கள் என்று தெரியும். ஒருவர், நான் ஆசிரியரின் அடிப்பொடி என்பார். மேலே நடையையும் ஜாஸ்னா பகுதியையும் பற்றி எழுதியதை அவர் மறுபடி வாசிக்கட்டும். இன்னொருவர், மந்திரவாதிக் கதைக்கு ஆயிரத்து முந்நூறு பக்கமா, தமிழில் இல்லாததா என்பார். இருக்கிறது. நாகர்கோவில்காரர் ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் இணையத்தில் எழுதி 26 நூலாக முடித்த 'வெண்முரசு' இருக்கிறது. அதைப் படித்தவர்கள் 1,300 பக்கத்தைப் பார்த்துப் பயப்பட மாட்டார்கள், படிக்காதவர்கள்தான் தமிழில் இல்லாததா என்று கேட்பார்கள்.

அச்சு நூல்தான் வேண்டுமென்றால் ஐப்பசி கார்த்திகையில் கூரியரில் வரவழைக்காதீர்கள். ஒற்றை பிளாஸ்டிக் உறையில் நனைந்து வரும், திருப்பி அனுப்பி மாற்றுவதற்குள் மாதம் போய்விடும். தை, மாசி நல்லது. வந்ததும் நடுவில் விரித்து அமுக்காதீர்கள், பசையில் ஒட்டிய இவ்வளவு தடித்த முதுகு அங்கேயே பிளந்துவிடும். மேசையில் நிறுத்தி, முன்னாலிருந்து ஐம்பது பக்கம், பின்னாலிருந்து ஐம்பது பக்கம் என்று மாறி மாறிப் பைய அமுக்கி நடுவுக்கு வாருங்கள். அலமாரியைச் சுவரோடு ஒட்டாமல் நான்கு விரல் தள்ளிப் போடுங்கள், ஆனியிலும் ஐப்பசியிலும் இந்த ஊர்ச் சுவர் ஈரம் கக்கும். பழைய நான்கில் ஏற்கெனவே பூசணப் புள்ளி இருந்தால் வெயிலில் நேராகக் காயவைக்காமல் நிழலில் விசிறிக் காற்றில் விரித்து வைத்து, உலர்ந்த தூரிகையால் தட்டி எடுத்தபின் புதியதைப் பக்கத்தில் வையுங்கள்.