இரண்டு நிலாவும் ஒரு கதாநாயகியும்

அன்புள்ள ஐயா,

தோழி கொடுத்த மாயாஜால நாவல் ஒன்றைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் காலத்துப் பெண் ஒருத்தி பாழுங்கிணற்றில் இறங்கி வேறொரு உலகத்தில் போய் ஏறுகிறாள். வானத்தில் இரண்டு நிலா. போனில் டவர் இல்லை. எதிரே வருகிற குதிரைக்காரன் அவள் கேட்டே இராத மொழியில் பேசுகிறான், அது அவளுக்குப் புரியவும் செய்கிறது. அவளோ ஏதோ சினிமா ஷூட்டிங் என்று நினைக்கிறாள். பாதி நாவல் தாண்டிவிட்டேன், இன்னும் அப்படியேதான் நினைக்கிறாள். அவளுக்கு விஷம் வைப்பது யார் என்று எனக்கு மூன்றாம் அத்தியாயத்திலேயே தெரிந்துவிட்டது. அவள் அவனிடமே போய் அழுகிறாள். எரிச்சலில் மூடி வைத்துவிட்டேன். மாயாஜாலக் கதையில் இதையெல்லாம் பார்க்கக் கூடாது என்கிறாள் தோழி. நான்தான் அதிகம் எதிர்பார்க்கிறேனா?

ச., பர்கூர்

அன்புள்ள ச.,

இல்லை, உங்கள் எரிச்சல் நியாயமானது. கிணற்றுக்குள் ஒரு உலகம் இருக்கிறது என்றதும் மறுபேச்சில்லாமல் நம்பிவிட்டீர்கள். அதற்குப் பிறகு அங்கே போகிறவளாவது நம்பும்படி இருக்க வேண்டாமா?

உங்கள் மாவட்டத்து மல்லச்சந்திரத்தையே எடுத்துக்கொள்வோம். அங்கே மலைமேல் கற்திட்டைகள், அதாவது பெருங்கற்காலத்து ஈமச்சின்னங்கள், இருக்கின்றன. சுற்றிலும் பலகைக்கல், மேலே மூடுகல், ஒரு பலகையில் வட்டமாக இடுதுளை. ஒரு பெண் அதற்குள் தவழ்ந்து போய்த் திரும்பி வெளியே வந்தால் வேறு உலகம் என்று வையுங்கள். அவள் உடனே நிலாவை எண்ண மாட்டாள். வாசலில் கழற்றிவிட்ட செருப்பைத் தேடுவாள். காணோம். கூட வந்தவர்களைப் பேர் சொல்லிக் கூப்பிடுவாள். கீழே மாந்தோப்பு இருந்த பக்கம் எட்டிப் பார்ப்பாள். மறுபடி துளைக்குள் போய்விட்டு வெளியே வந்து பார்ப்பாள். அப்புறமும் "ஷூட்டிங்காக இருக்கும்" என்று சொல்லிக்கொள்ளட்டும், தப்பில்லை. பயத்தில் நம்ப மறுக்கிறாள் என்றால் நானும் அவளோடு இன்னும் கொஞ்ச தூரம் போவேன். உங்கள் நாவலின் கதாநாயகியோ மறுக்கவே இல்லை, அவளுக்கு எதுவும் உறைக்கவே இல்லை.

சாத்தனார் இதை மணிமேகலையில் செய்து காட்டியிருக்கிறார். தூங்குகிறவளைத் தெய்வம் தூக்கிக்கொண்டு முப்பது யோசனை (பழைய தூர அளவு) தெற்கே போய் மணிபல்லவத் தீவில் வைத்துவிடுகிறது. விடிகிற நேரம் விழிக்கிறாள். பழக்கமில்லாத கடற்கரை. இது தன் ஊர்ப் பூஞ்சோலையான உவவனத்திலேயே வேறொரு பக்கமோ என்றுதான் முதலில் நினைக்கிறாள். தோழி சுதமதி ஒளிந்துகொண்டு தன்னைத் தவிக்க விடுகிறாள் என்று சந்தேகம். நனவா கனவா தெரியவில்லை, மனசு நடுங்குகிறது, வந்துவிடு என்று கூப்பிடுகிறாள். ஷூட்டிங் என்கிற நினைப்பும் இந்த வகைதான். ஆனால் மணிமேகலை அந்த நினைப்போடு உட்கார்ந்துவிடவில்லை. கரையெல்லாம் அலைந்து தேடுகிறாள். ஒருவரும் இல்லை என்றதும், கூந்தல் குலைந்து விழ, செத்துப்போன அப்பா கோவலனைச் சொல்லி அழுகிறாள். இத்தனையும் ஒரே காதைக்குள், அதாவது ஒரே அத்தியாயத்துக்குள், நடந்துவிடுகிறது. அவளுக்கு உண்மை தெரிந்ததால் கதை நின்றுபோகவில்லை, அங்கிருந்துதான் வேகம் பிடிக்கிறது.

அந்த தைரியம் இல்லாத ஆசிரியர்தான் கதாநாயகியை மந்தமாக்குகிறார். விஷம் வைக்கிறவன் விஷயமும் அதுதான். வாசகருக்கு மூன்றாம் அத்தியாயத்தில் பிடிபட்டுவிட்டால், அவனை இன்னும் கெட்டிக்காரனாக எழுதியிருக்க வேண்டும். அது உழைப்பு. அவளை முட்டாளாக்குவது சுலபம். வெகுளியாக இருப்பதே பெண்ணுக்கு அழகு என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. நம் சினிமா வருஷக்கணக்கில் வளர்த்த 'லூசுப் பெண்' அவள். எனக்கு இதில் எரிச்சல் இல்லை, கோபமே வருகிறது.

நான் இருக்கிற தருமபுரிதான் அதியமான் ஆண்ட பழைய தகடூர். அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது போன ஔவை, தொண்டைமானின் படைக்கலங்களைப் பார்த்துப் பாடியது புறநானூற்றில் 95ஆம் பாட்டு. உன்னிடம் வேலெல்லாம் மயிற்பீலி கட்டி, மாலை சூட்டி, நெய் பூசிக் காவலுக்குள் இருக்கின்றன. எங்கள் அரசனுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்கிறாள். கேட்டால் புகழ்வது போலத்தான் இருக்கும். அவளுக்கும் அது அந்நிய இடம், பக்கத்தில் நிற்பவனோ அரசன். ஆயுதத்தில் பூசியிருக்கிற நெய்யைப் பார்த்தே அவன் போருக்குப் பழகாதவன் என்று அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. தமிழில் கதாநாயகி எழுத வருகிறவர் இந்தப் பாட்டைப் படித்துவிட்டு வந்தால் நன்றாக இருக்கும்.

மீதி நாவலைப் படிக்க வேண்டாம் என்பேன். தோழியிடம் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது மணிமேகலையின் 'மணிபல்லவத்துத் துயருற்ற காதை'யைப் படிக்கச் சொல்லுங்கள். சின்னதுதான், ஒரே மூச்சில் முடித்துவிடலாம். உ.வே.சா. 1898இல் அச்சில் கொண்டுவந்த நூல், இன்று உரையோடும் கிடைக்கிறது. உரை உள்ள பதிப்பாகவே வாங்குங்கள், இல்லாவிட்டால் ஆரம்பத்தில் கொஞ்சம் தடுக்கும்.